சுவரை மூடுவதற்கு முன்

ஷவர் வைக்க நினைக்கிறவர்கள் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். முதலில் ஏற வேண்டியது மட்டப்பாவுக்கு. தொட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து குழாய் எந்த வழியாக இறங்குகிறது, நடுவில் எத்தனை இடத்தில் மடங்குகிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால், அங்கே பளபளவென்று தொங்குகிற சாமான்களில் பாதியைத் தொட்டுப் பார்க்கவே தோன்றாது. அம்பாசமுத்திரம் வீட்டில் அப்பாவுக்காக ஒரு ஷவர் வைத்தோம். தண்ணீரைப் பற்றியும் சுவரைப் பற்றியும் வயதான உடம்பைப் பற்றியும் அந்த வேலையில் நான் தெரிந்துகொண்டது நிறைய.

அப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுவரை தாமிரபரணியில்தான் குளியல். விடியுமுன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். முழங்கால் தேய்ந்து படித்துறை இறங்க முடியாமல் போனபிறகுதான் வீட்டுக் குளியலறைக்கு வந்தார். அங்கேயும் நிம்மதி நீடிக்கவில்லை. வலது தோள்பட்டை இறுகிப்போய், கை காதுக்கு மேலே எழும்பாமல் நின்றுவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படித் தோள் இறுகுவது அதிகம் என்று டாக்டர் சொன்னார். செம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள முடியாது. அம்மாதான் ஊற்றிவிட வேண்டும். அம்மா அதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. அப்பாவால்தான் தாங்க முடியவில்லை. தலைக்குக் குளிப்பதை இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட ஆரம்பித்தார்.

ஒருநாள் போனில், "ஏட்டி, தலையில தண்ணி தானா விழுகிற மாதிரி ஒண்ணு வச்சுக் குடு" என்றார். அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு வாங்கியதாக எனக்கு வேறு ஞாபகம் இல்லை.

எங்கள் வீடு இரண்டு காலத்தில் கட்டியது. முன்கட்டு தாத்தா காலத்து வேலை. ஒன்றரைச் செங்கல் கனத்தில் சுண்ணாம்புச் சுவர், தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு அதன்மேல் செங்கல்லைக் குத்துவசமாக அடுக்கிக் காரை போட்ட மட்டப்பா. குளியலறை பிற்பாடு புறவாசலில் ஒட்டிக் கட்டியது. அதற்கு நாலரை அங்குலச் சுவர்தான், மேலே தாழ்வான கான்கிரீட் தளம். 500 லிட்டர் கறுப்புத் தொட்டி அந்தத் தளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கீழே வாளி நிரப்புகிற குழாய்க்கு அது போதும். அந்தக் குழாய் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தது, தண்ணீர் நன்றாகவே கொட்டும். அதைப் பார்த்துத்தான் அம்மா, "நல்லாத்தானே வருது, மேல ஒரு பூவாளி மாட்டினா ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் கூப்பிட்ட பிளம்பர் அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். கையில் ஒரு ரெஞ்சும் சட்டைப்பையில் டெஃப்லான் டேப்பும் தவிர எதுவும் இல்லாமல் வந்தார். குளியலறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஏணியில் ஏறித் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "வாத்தியாரையா, இந்தத் தொட்டிக்கு ஷவர் அழும், கொட்டாது" என்றார்.

தொட்டியின் வாயிலிருந்து ஷவர் முகம்வரை உள்ள செங்குத்து உயரம்தான் கணக்கு. தொட்டி ஆயிரம் லிட்டரா ஐநூறு லிட்டரா என்பது அதில் வரவே வராது. ஏறக்குறைய 33 அடி உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். எங்கள் தொட்டியின் வாய் குளியலறைத் தரையிலிருந்து பத்தடி. ஷவர் நிற்கப்போவது ஆறரை அடியில். மிச்சம் மூன்றரை அடி, அதாவது பாரில் பத்தில் ஒரு பங்கு. வாளிக் குழாய்க்கு எட்டடி உயரம் கிடைத்ததால்தான் அது அப்படிக் கொட்டியது. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். குழாய் வாயை நாலரை அடி மேலே தூக்கினால் பாதிக்கு மேல் பலம் போய்விடுகிறது.

முன்கட்டு மட்டப்பாவின் உயரத்தை அளந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு குமிழ்கூட இல்லாமல் தட்டித் தட்டி எடுத்தார். ஒரு முனையை அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி குளியலறை வாசல் நிலையோடு சேர்த்துப் பிடித்தார். மறுமுனையை அண்ணாச்சி முன்கட்டுச் சுவர்வரை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் தண்ணீர் மேலும் கீழும் ஆடியது, பிறகு மெதுவாக நின்றது. "ஆச்சு" என்று அவர் அங்கே பென்சிலால் கோடு போட, "ஆச்சு" என்று அப்பா இங்கே கோடு போட்டார். நடுவில் இரண்டு அறை, ஒரு முற்றம். அத்தனையும் தாண்டி இரண்டு கோடும் ஒரே மட்டத்தில் இருந்தன. அங்கிருந்து டேப்பை வைத்து மேலே அளந்துகொண்டு போனோம். லேசர் கருவியெல்லாம் இப்போது வந்துவிட்டது. ஆனால் தண்ணீர் வேலைக்கு மட்டத்தைத் தண்ணீரே காட்டிக் கொடுத்ததில் எனக்கு ஒரு தனி நம்பிக்கை வந்தது.

அன்று மாலையே அப்பா கிராஃப் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற்றபின் அவர் ஸ்கேல் பிடித்து நான் பார்த்ததில்லை. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று வைத்து, குளியலறையின் நாலு சுவரையும் மடிப்புப் பிரித்ததுபோல வரிசையாகப் போட்டார். தண்ணீருக்கு நீலம், வெந்நீருக்குச் சிவப்பு, கழிவுக்குப் பழுப்பு. வலது கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டால் தோள் வலிக்காது என்பதைக் கண்டுபிடித்து மணிக்கணக்காக வரைந்தார். அண்ணாச்சி அதுவரை காகிதத்தைப் பார்த்து வேலை செய்தவர் இல்லை. "சுவத்துல சாக்பீஸ்ல போட்டுக்கிடுதேன் ஐயா" என்று தயங்கினார். ஆனால் படத்தில் ஒரு தப்பை அவர்தான் முதலில் பிடித்தார்.

அடுக்களையில் ஏற்கெனவே ஒரு ஹீட்டர் இருந்தது. அதிலிருந்தே வெந்நீரைக் கொண்டுபோகலாம் என்று அப்பா சிவப்புக் கோட்டை இழுத்திருந்தார். நடுவில் குளியலறைக் கதவு வந்ததால், கோடு கதவுக்கு மேலே ஏறி மறுபக்கம் இறங்கியது. அண்ணாச்சி அந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கன காத்து உக்காந்துக்கிடும்" என்றார். குழாய் எங்கேயாவது மேடேறி மறுபடி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். பம்ப் வைத்துத் தள்ளுகிற லைனில் அழுத்தம் அந்தக் காற்றைத் துரத்திவிடும். பத்தடி உயரத்துத் தொட்டிக்கு அந்தச் சக்தி கிடையாது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், குழாயில் வராது. வீடுகளில் குழாய் வாயில் வாயை வைத்து உறிஞ்சி எடுக்கிறார்களே, பெரும்பாலும் அது இந்தக் கோளாறுதான். தொட்டியிலிருந்து இறங்கத் தொடங்கினால் குழாய் இறங்கிக்கொண்டே வர வேண்டும், இல்லை மட்டமாக வர வேண்டும். நடுவில் எழும்பக் கூடாது.

அடுக்களை ஹீட்டரை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கிருந்து ஷவருக்கு இருபத்தைந்து அடி. முக்கால் அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். இருபத்தைந்து அடிக்கு இரண்டு லிட்டர். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த இரண்டு லிட்டர் ஆறிப்போன தண்ணீர் முதலில் வந்த பிறகுதான் சூடு வரும். மார்கழிக் காலையில் எழுபத்தைந்து வயது மனிதர் அதன் அடியில் காத்திருக்க வேண்டும். குழாயைச் சிறிதாக்கினால் ஆறின தண்ணீர் குறையும், ஆனால் வருகிற தண்ணீரும் குறையும். ஆகவே ஹீட்டரைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும். குளியலறைக்குள்ளேயே, அவர் உட்கார்ந்து குளிக்கப்போகிற இருக்கையிலிருந்து ஐந்தடி தள்ளி, தண்ணீர் தெறிக்காத மூலையில் 15 லிட்டர் ஹீட்டருக்கு அப்பா இடம் குறித்தார். அதற்குத் தனி எர்த்தும், கசிவு மின்சாரத்துக்கு உடனே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தே ஆக வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் நான் விடாப்பிடியாக நின்றேன். ஈரக் காலோடு நிற்கிற இடத்தில் அந்தச் செலவைக் குறைக்கச் சம்மதிக்கவே கூடாது.

கடைக்கு அதற்கப்புறம்தான் போனோம். திருநெல்வேலியில் பெரிய கடை. விற்பனைப் பையன் எட்டு அங்குல அகலத்தில் மழை ஷவரைக் காட்டினான், சுவருக்குள் புதைக்கிற டைவர்ட்டரைக் காட்டினான். பெட்டியின் பின்பக்கம் குறைந்தது ஒரு பார் வேண்டும் என்று போட்டிருந்தது. எங்களிடம் இருந்ததற்குப் பத்து மடங்கு. "பிரஷர் பம்ப் ஒண்ணு போட்டுட்டா போதும் மேடம்" என்றான். சொன்னது சரிதான். பம்ப் வைத்தால் அந்த ஷவர் அருமையாக வேலை செய்யும். ஆனால் மின்சாரம் நின்றால் பம்ப் நிற்கும். தலையில் சோப்பு நுரையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண் திறக்க முடியாமல் அப்பா உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். உயரத்தால் வருகிற தண்ணீர் எப்போதும் வரும். தொட்டியைத்தான் தூக்குவது என்று அங்கேயே முடிவானது.

எங்கே தூக்குவது? குளியலறைத் தளத்தின் மேல் ஏற்ற முடியாது, கீழே இருப்பது நாலரை அங்குலச் சுவர். முன்கட்டு மட்டப்பாவில் வைத்தால் உயரம் கிடைக்கும். ஆனால் 500 லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன். அதை நூறு வருஷத்துத் தேக்குக் கட்டைகளின் நடுவில் இறக்கலாமா? எங்களுக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினீயர் வந்து பார்த்தார். கட்டைமேல் ஒரு கிலோகூட வைக்காதீர்கள், இரண்டு கனத்த சுவர்களின் தலையில் குறுக்காக இரும்பு கர்டர் போட்டு அதன்மேல் மேடை கட்டுங்கள், எடை சுவர் வழியாக அஸ்திவாரத்துக்கு இறங்கட்டும் என்றார். அப்படியே செய்தோம். தொட்டியின் வாய் இப்போது குளியலறைத் தரையிலிருந்து பதினேழு அடி. ஷவருக்கு மேலே பத்தரை அடி. பாரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மழை ஷவர் இதற்கும் ஆகாது. நாலு அங்குல முகத்தில் பெரிய துளைகள் உள்ள சாதாரண ஷவருக்குத் தாராளம்.

கிடைத்த உயரத்தை வழியில் தொலைக்காமல் கொண்டுவருவது அடுத்த பாடு. தொட்டியிலிருந்து ஒன்றேகால் அங்குலம், மட்டப்பா விளிம்பிலிருந்து ஒரு அங்குலம், குளியலறைக்குள் முக்கால், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கிற மிக்சரின் வாயில் மட்டும் அரை. எல்போ வருகிற இடங்களில் முடிந்தவரை நீண்ட பெண்டு. வால்வுகூட முழுத் துளை திறக்கிற பால் வால்வுதான் வேண்டும் என்று அண்ணாச்சி பார்த்துப் பார்த்து எடுத்தார். தொட்டி வால்வை அடுத்து ஒரு டீ போட்டு, அதிலிருந்து அரை அங்குலக் குழாயைத் தொட்டி மூடிக்கும் மேலே தூக்கி, வாயைக் கீழே வளைத்துவிட்டார். லைனில் சேருகிற காற்று அது வழியாக வெளியே போய்விடும். கீழே இருந்து பார்த்தால் எதற்கென்றே தெரியாத ஒரு குச்சி. பல வீடுகளில் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த இதை விட்டுவிடுகிறார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வெந்நீர். சர்க்கரையால் அப்பாவுக்குப் பாதத்திலும் காலிலும் உணர்ச்சி குறைவு. சூடு உறைப்பதற்குள் தோல் வெந்துவிடும். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும்; 49 டிகிரி என்றால் அதே காயத்துக்குச் சில நிமிஷம் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஒருவர் கையை நீட்டிக் குழாயை மூட முடியும். ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைப்பது எளிது. அதைவிட முக்கியமானது லைனைப் பிரிப்பது. ஒரே குழாயில் அடுக்களையும் குளியலறையும் இருந்தால், அங்கே அம்மா பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்ததும் இங்கே மிக்சருக்கு வருகிற பச்சைத் தண்ணீர் சுண்டிப்போகும், வெந்நீர் மட்டும் தலையில் விழும். பல வீடுகளில் இது நடக்கிறது. குளிக்கிறவர் உள்ளேயிருந்து சத்தம் போடுவார், எல்லாரும் பழகியும் போயிருப்பார்கள். அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. ஆகவே தொட்டியிலேயே இரண்டாவது துளை போட்டு, குளியலறைக்கு என்று ஒரு தனி லைன் இறக்கினோம். ஹீட்டருக்குப் போகிற தண்ணீரும் மிக்சருக்குப் போகிற பச்சைத் தண்ணீரும் அந்த ஒரே லைனிலிருந்து பிரிந்ததால் இரண்டுக்கும் ஒரே உயரம், ஒரே பலம். மிக்சரில் ஒன்று மற்றதை நெருக்காது.

மிக்சரை எங்கே வைப்பது என்பதற்கு அப்பாவின் உடம்பையே அளந்தோம். காய்ந்த குளியலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பதினெட்டு அங்குல உயரம் அவருக்கு வசதியாக இருந்தது, எழும்போது முழங்கால் ஒத்துழைத்தது. அந்த உயரத்தில் கிரானைட் இருக்கை என்று எழுதிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை நீட்டச் சொன்னேன். கை சுவரைத் தொட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். தரையிலிருந்து மூன்றடி நாலு அங்குலம். பிளம்பர்கள் வழக்கமாக வைக்கிற உயரத்துக்கு அதிக வித்தியாசமில்லை. ஆனால் பக்கம் மாறியது. வழக்கப்படி முதுகுக்குப் பின்னாலோ வலப்பக்கமோ வைத்திருப்பார்கள். வலது தோள் அசையாதவருக்கு அங்கே இருந்து என்ன பயன்? இடப்பக்கச் சுவரில், வாசலைப் பார்க்கத் தள்ளி வைத்ததில் இன்னொரு நன்மையும் இருந்தது: தண்ணீர் விழுகிற இடத்துக்குள் போகாமலே நின்று திறந்து, சூடு பார்த்துவிட்டு உட்காரலாம். ஷவரின் கையை மட்டும் இருக்கையின் பக்கம் திருப்பிக்கொண்டோம். கூடவே ஒரு கைஷவர், சறுக்குக் கம்பியில். உட்கார்ந்தபடி காலுக்கும் முதுகுக்கும் எடுத்துக்கொள்ளலாம்; அது தாழ்வாக இருப்பதால் தண்ணீர் இன்னும் நன்றாக வந்தது.

இனி சுவர். அண்ணாச்சி கட்டிங் மெஷினோடு வந்து, சுவரில் நீளவாக்கில் காடி எடுக்கப் போனார். தொட்டி மேடைக்காக வந்திருந்த இன்ஜினீயர் தடுத்தார். மேலிருந்து கீழாக எடுக்கிற காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போகலாம்; பக்கவாட்டில் போகிற காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒன்று என்றால் முக்கால் அங்குலம். அதற்குள் குழாயும் அடங்காது, அதை மூடுகிற பூச்சும் அடங்காது. அதற்குமேல் வெட்டினால், இடுப்பு உயரத்தில் சுவரைக் குறுக்கே அறுத்துவிட்ட மாதிரி. அண்ணாச்சிக்கு முகம் வாடியது. எத்தனையோ வீட்டில் அப்படித்தான் அவர் எடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "அப்ப வெட்டாண்டாம். சுவத்துக்கு முன்னால இன்னொரு குட்டைச் சுவர் எழுப்பிருவோம், குழாயை ரெண்டுக்கும் நடுவுல விட்ருவோம்" என்றார். நாலு சுவரையும் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்து வந்த யோசனை அது. நாலடி உயரத்துக்கு அந்தக் குட்டைச் சுவர் எழும்பியது. தலையில் கிரானைட் பலகை போட்டதும் சோப்பு, துண்டு, எண்ணெய்க் கிண்ணம் வைக்க அம்மாவுக்கு ஒரு திண்டு கிடைத்தது.

அந்தச் சுவர் எழும்பும்போதே அப்பா இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். கைப்பிடிக் கம்பி வருகிற இடத்தில் வெறும் செங்கல் போதாது. ஓட்டை போட்டுப் பிளக் அடித்தால் எடை தாங்காமல் உருவிக்கொண்டு வந்துவிடும். ஆகவே அந்த இடங்களில் செங்கல்லுக்குப் பதில் முழு கான்கிரீட் கட்டிகளைப் பதித்தோம். அவருக்கு இரண்டு கம்பி போதும். ஆனால் வாசலை ஒட்டி, தாழ்வாக, மூன்றாவதாக ஒரு கட்டியும் படத்தில் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "உங்க அம்மை என்னைவிடக் குள்ளம்லா. அவளுக்கும் ஒருநாள் வேணும்" என்றார்.

பழைய வாளிக் குழாயின் லைனைக் கழற்றியபோது அண்ணாச்சி ஒரு துண்டை ரம்பத்தால் அறுத்து என் கையில் தந்தார். முக்கால் அங்குல இரும்புக் குழாய், ஜி.ஐ. வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. உள்ளே வட்ட வட்டமாகத் துருவும் உப்பும் படிந்து ஏறி, நடுவில் பென்சில் நுழைகிற துளைதான் மிச்சம். போர் தண்ணீரும் அதே குழாயில்தான் வந்துகொண்டிருந்தது. இதே லைனில் ஷவரை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இந்தமுறை முழுக்க சி.பி.வி.சி. வெளிர் மஞ்சளாக இருக்குமே, அதுதான். வெந்நீரைத் தாங்கும், துருப்பிடிக்காது. உப்பு மட்டும் ஷவர் துளைகளில் படியத்தான் செய்யும், அதை அவ்வப்போது கழற்றி ஊறவைத்துத் தேய்க்க வேண்டும்.

தரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது முழுக்கக் கொத்தனாரின் கை. வாசலில் படி வேண்டாம், அப்பாவின் கால் தட்டும். படி இல்லாமல் தண்ணீர் வெளியே வராமல் இருக்க, அடிக்குக் கால் அங்குலம் என்று தரை முழுக்க இருக்கையின் மூலையை நோக்கிச் சரிந்தது. அந்த மூலையில் நஹானி ட்ராப். அதற்குள் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்பதால்தான் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வருவதில்லை. குளிக்கிற தண்ணீரைக் கழிப்பறை லைனோடு சேர்க்க வேண்டாம், தனியாகப் புறவாசல் வாழைக்கு விடு என்று அம்மா சொன்னாள். மூன்று அங்குலக் குழாயில் அப்படியே விட்டோம்.

டைல் ஒட்டுமுன் சோதனை. குழாய் வாய்களையெல்லாம் அடைத்து, கைப்பம்பால் தண்ணீரை உள்ளே ஏற்றினார் அண்ணாச்சி. மானியின் முள் ஏழு கிலோவில் நின்றது. எங்கள் லைனில் ஓடப்போகிற அழுத்தத்துக்குப் பல மடங்கு. ராத்திரி அப்படியே விட்டோம். காலையில் முள் ஐந்தில் இருந்தது. பசை போட்ட ஜாயின்ட் ஒவ்வொன்றையும் அவர் காய்ந்த துணியால் துடைத்து, காத்திருந்து, விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மிக்சரின் வெந்நீர் வாயில், பித்தளை மரை வைத்த எல்போவின் அடியில், ஒரு துளி. சொட்டக்கூட இல்லை, வியர்வைபோல ஊறி நின்றது. துடைத்தால் போய்விடும், சற்று நேரத்தில் மறுபடி வரும். அதை டைலுக்குப் பின்னால் மூடியிருந்தால் குட்டைச் சுவர் உள்ளுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்திருக்கும், பூச்சு உப்பி விழும்போதுதான் நமக்குத் தெரியும். அவர் அந்த எல்போவை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக வைத்தார், பழைய பித்தளையை மறுபடி முறுக்கவில்லை. மறுநாள் காலையில் முள் ஏற்றி வைத்த இடத்திலேயே நின்றது. அதன்பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட்டோம். அதற்கு முன் அப்பா டேப்பைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க, நாலு பக்கமும் நான் போட்டோ எடுத்தேன்; வரைபடத்தில் மாறிய இடங்களையெல்லாம் அவர் திருத்தினார். அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மின்சாரப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தார்.

முதல்நாள் ஷவருக்கடியில் இருபது லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தோம். நிறைய மூன்றரை நிமிஷம் ஆனது. ஹோட்டல்களில் இதைப்போல இரண்டு பங்கு கொட்டும். ஆனால் அப்பாவுக்கு இரண்டு வாளிக் குளியல்தான் பழக்கம். ஏழு நிமிஷத்தில் அதே அளவு தண்ணீர். அன்று அவர் உள்ளே போய்த் தாழ் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா அடுக்களையில் வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டு, "சுடுதா?" என்று கேட்டாள். "இல்லை" என்று பதில் வந்தது. வெளியே வந்தபோது தலை நனைந்து, விபூதி பூசிய நெற்றியோடு, பல மாதங்களுக்குப் பிறகு அவர் தானே குளித்துவிட்டு வந்திருந்தார்.

போன வருஷம் அம்மாவுக்குக் கால் தடுமாற ஆரம்பித்தது. கம்பி மாட்ட வந்த பையன் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே குழாய் எங்கே போகிறதோ என்று பயந்து நின்றான். அப்பா மின்சாரப் பெட்டியைத் திறந்து தாளைப் பார்த்துவிட்டு வந்தார். "தரையிலேர்ந்து ரெண்டே முக்கால் அடி, நிலையிலேர்ந்து ஒண்ணே கால். அங்கன குழாய் கிடையாது, கான்கிரீட்தான். தைரியமா அடி" என்றார். சிவப்புச் செங்கல் பொடி வரவில்லை, சாம்பல் நிற கான்கிரீட் பொடிதான் கொட்டியது. அம்மா அன்றைக்கே அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளித்தாள்.